ஹார்ட்விக் ஹால்: ஒரு பழைய ஆங்கிலேய மாளிகையைப் படித்தறியும் முறை

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் உள்ள பழைய பிரபுக்களின் மாளிகைகளுக்கு முதன்முறையாகச் செல்கிறவர்கள், வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்து, கட்டில்களையும் ஓவியங்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பிவிடுவதே வழக்கம். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். வீடு திரும்பிய பிறகு, அந்த மாளிகைக்கு எத்தனை கோபுரங்கள் என்று ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே இருந்த பொருள்களை எல்லாம் பார்த்திருந்தேன். அவற்றைச் சுமந்து நிற்கும் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. இப்படிப்பட்ட ஒரு மாளிகையின் கட்டடக்கலையை எந்த வரிசையில், எதை எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருப்பது டார்பிஷயர் மாவட்டத்தில் உள்ள ஹார்ட்விக் ஹால். கட்டி முடித்ததற்குப் பிறகு பெரிதாக மாற்றப்படாமல் நிற்கும் மாளிகை இது என்பதால், கட்டியவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை இங்கே மிகத் தெளிவாகப் படிக்க முடிகிறது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த மாளிகையைக் கட்டியவர் எலிசபெத் டால்பட் என்னும் ஷ்ரூஸ்பரி சீமாட்டி. ஊரார் வழங்கிய பெயர் ஹார்ட்விக்கின் பெஸ். இதே இடத்தில் இருந்த ஒரு சாதாரண நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, நான்கு முறை மணந்து, ஒவ்வொரு மணத்திலும் சொத்தும் அந்தஸ்தும் கூடி, முடிவில் இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசிக்கு அடுத்த செல்வப் பெண்மணி என்று பேசப்படும் நிலைக்கு வந்தவர். இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷ் வழியில்தான் இவருக்குப் பிள்ளைகள். பின்னாளில் டெவன்ஷயர் கோமகன்களாக விளங்கிய பரம்பரை அது. நான்காவது கணவரான ஷ்ரூஸ்பரி பிரபுவுடன் ஏற்பட்ட மனக்கசப்பால், அவரை விட்டுப் பிரிந்து, தாம் பிறந்த ஹார்ட்விக்குக்கே திரும்பிவந்து, 1587 வாக்கில் அங்கிருந்த பழைய வீட்டைப் பெரிதாக்கிக் கட்டத் தொடங்கினார். அந்த வேலை முடிவதற்குள், கணவர் இறந்த 1590-ஆம் ஆண்டின் இறுதியில், அதற்குப் பக்கத்திலேயே இன்னும் பெரியதொரு மாளிகைக்கு அடித்தளம் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1597-இல் அதில் குடியேறியபோது அவருக்கு ஏறத்தாழ 70 வயது. 1608-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

மாளிகையின் வடிவத்தை வகுத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கல்தச்சராகத் தொழிலைத் தொடங்கிய அவர், லாங்லீட் மாளிகையிலும் நாட்டிங்ஹாமில் உள்ள வோலட்டன் ஹாலிலும் பணியாற்றியவர், 1614-இல் இறந்தார். ஆயினும் இன்றைக்கு நாம் நினைப்பதுபோல ஒரு கட்டடக் கலைஞர் எல்லா வரைபடங்களையும் போட்டுக்கொடுத்து, வேலையை மேற்பார்வையிட்டு முடித்துத் தரும் முறை அந்தக் காலத்தில் இல்லை. அவர் அமைப்பை வகுத்துத் தந்தார். சீமாட்டி அதைத் தம் தேவைக்கேற்ப மாற்றினார். அந்தந்த வேலைக்குரிய கல்தச்சரும் சுதை வேலைக்காரரும் தம் கைவண்ணத்தைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கூலியும் எழுதப்பட்ட கட்டுமானக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன. 1601-இல் வீட்டின் ஒவ்வொரு அறையிலும் இருந்த சாமான்களுக்கு எடுக்கப்பட்ட பட்டியலும் இருக்கிறது. இந்த மாளிகையைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிவது இந்த ஆவணங்களால்தான்.

செஸ்டர்ஃபீல்டுக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் இடையே, எம்-1 நெடுஞ்சாலையின் 29-ஆம் சந்திப்பிலிருந்து சிறிது தொலைவில் மாளிகை இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இதை நிர்வகிக்கிறது. பக்கத்தில் இருக்கும் பழைய மாளிகையின் இடிபாட்டை இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. தோட்டம் திறந்திருக்கும் எல்லா நாளிலும் வீடு திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். கிளம்பும் முன் இரண்டுக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. முகப்பு மேற்கு நோக்கியது. ஆகவே மேகமில்லாத நாளின் பிற்பகலில் முகப்பில் வெயில் விழும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய தொலைநோக்கியும் ஒரு குறிப்பேடும் போதும்.

முதல் படி: தொலைவில் நின்று, கூரைக்கோட்டைப் பாருங்கள்

வாசலுக்கு விரையாமல், கட்டடம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும் தொலைவில் நில்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வானத்தை ஒட்டிய கோடு. மாளிகைக்கு மூன்று தளங்கள். அவற்றுக்கு மேல் இன்னொரு தள உயரத்துக்கு ஆறு கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் கல்லில் செதுக்கிய வளைவுப் பின்னல்களுக்கு நடுவே ஈ, எஸ் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஆளுயரத்துக்கு நிற்பதைத் தொலைநோக்கியில்லாமலே படிக்கலாம். எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் முதலெழுத்துகள் அவை. மேலே சீமாட்டிக்குரிய மகுடம். கோட்டைகளில் காவல் வீரர் மறைந்து நின்று அம்பெய்வதற்காகக் கட்டப்பட்ட கைப்பிடிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில், இங்கே ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. அகழியும் மதில் துளைகளும் தேவைப்பட்ட காலம் போய்விட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டடமும் சொல்லிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, கட்டடத்தைச் சுற்றி மெதுவாக நடந்து வாருங்கள். இதைத் தவறவே விடக்கூடாது. மாளிகையின் அடிப்படை வடிவம் ஒரு நீண்ட செவ்வகம். அதன் நீண்ட பக்கங்களில் இரண்டிரண்டு கோபுரங்களும், குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்றும் ஒட்டி நிற்கின்றன. நேர் எதிரே நிற்கும்போது கோபுரங்கள் அசையாத ஒழுங்கில் தெரியும். நாலடி பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்று மற்றொன்றின் பின்னால் மறையத் தொடங்கும். மூலைக்கு வந்தால் இரண்டு சேர்ந்து ஒரே பெரிய கோபுரம்போல் தோன்றும். இன்னும் நடந்தால் மீண்டும் பிரியும். காகிதத்தில் மிக எளிய வடிவமான ஒன்று, நடப்பவர் கண்ணுக்கு ஒவ்வோர் அடியிலும் வேறொரு கட்டடமாக மாறுகிறது. புகைப்படங்களில் இது கிடைக்காது.

இரண்டாம் படி: ஜன்னல்களை அடியிலிருந்து முடி வரை படியுங்கள்

"ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்பது அந்நாட்டில் பல தலைமுறையாக வழங்கும் சொலவடை. ஆங்கிலத்தில் அது எதுகையோடு வரும். அதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வியக்கிறார்கள். அவற்றின் அளவு மாறுவதைக் கவனிப்பவர் குறைவு. முகப்பில் ஒரு செங்குத்துக் கோட்டைத் தேர்ந்துகொண்டு, தரையிலிருந்து மேலே பாருங்கள். தரைத்தளத்து ஜன்னல்கள் குட்டையானவை. முதல் தளத்தில் உயரம் கூடுகிறது. இரண்டாம் தளத்திலோ, ஜன்னல் ஏறக்குறையச் சுவராகவே ஆகிவிடுகிறது.

இதற்குக் காரணம் அந்தஸ்து. தரைத்தளம் வேலைக்காரர்களுக்கும் அன்றாட வேலைகளுக்கும் உரியது. முதல் தளம் சீமாட்டியும் குடும்பத்தாரும் வாழும் இடம். இரண்டாம் தளம் விருந்தும் வரவேற்பும் நடக்கும் அரச மரியாதைக்குரிய கூடங்கள் இருக்கும் இடம். மேலே போகப் போக மதிப்பு கூடுகிறது. மதிப்போடு கூரையின் உயரமும், கூரையின் உயரத்தோடு கண்ணாடியும் கூடுகின்றன. வீட்டுக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்பதை ஒரு கதவையும் திறக்காமல், புல்தரையில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். வேறு எந்த மாளிகைக்குப் போனாலும் இதையே முதற்கேள்வியாக வையுங்கள்: மிகப் பெரிய ஜன்னல்கள் எந்தத் தளத்தில் இருக்கின்றன?

அக்காலத்தில் கண்ணாடி மிக விலையுயர்ந்த பொருள். பெரிய பலகையாக வார்க்கத் தெரியாது. சிறு துண்டுகளாக அறுத்து ஈயப் பட்டைகளால் கோத்து, கல்லால் ஆன செங்குத்துக் கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் இடையே பொருத்த வேண்டும். ஒரு ஜன்னலின் அருகே போய், எத்தனை சிறு கண்ணாடிகள் சேர்ந்து அந்த ஒன்று ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். இத்தனையையும் பெஸ் கடையில் வாங்கியிருந்தால் அவர் செல்வமே கரைந்திருக்கும். வின்ஃபீல்டில் அவருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்கூடம் இருந்தது. ஈயமும் இரும்பும் மரமும் அவருடைய நிலங்களிலிருந்தே வந்தன.

இப்போது ஒரு நுணுக்கமான பயிற்சி. ஜன்னல்களில் சில பொய். கண்ணாடி இருக்கும், பின்னால் அறை இருக்காது, புகைபோக்கியோ சுவரோ இருக்கும். வேறு சில இடங்களில் ஒரே ஜன்னலின் உயரத்துக்குப் பின்னால் இரண்டு தளங்கள் இருக்கும். வெளியே இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளேயோ பெரிய அறையும் சிறிய அறையும் கலந்தே இருக்கும். இந்த இரண்டுக்கும் மோதல் வந்த இடங்களில் ஸ்மித்சன் வெளி ஒழுங்குக்கே முதலிடம் கொடுத்தார். இதை ஏமாற்று வேலை என்று சிலர் குறை சொல்வதுண்டு. என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. பல அறைகள் சேர்ந்து ஒரே முகமாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பதற்கு இந்தப் பொய் ஜன்னல்கள் நல்ல சாட்சி. வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் பார்த்தால், எவற்றுக்குப் பின்னால் ஆழம் இருக்கிறது, எவற்றுக்குப் பின்னால் இருட்டு ஒட்டிக்கொண்டே நிற்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

இவ்வளவு கண்ணாடியை வைத்துவிட்டால் கட்டடம் எதன் மேல் நிற்கும் என்ற கேள்வி எழ வேண்டும். எழவில்லையென்றால் இன்னும் சிறிது நேரம் பாருங்கள். வழக்கமாக வெளிச்சுவரில் கணப்பும் புகைபோக்கியும் அமையும். அந்த இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. ஹார்ட்விக்கில் புகைபோக்கிகள் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள் ஏற்றப்பட்டிருக்கின்றன. தடித்த அந்த உட்சுவர்கள் எடையையும் புகையையும் சேர்த்துத் தாங்கிக்கொள்வதால், வெளிச்சுவரைக் கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது.

மூன்றாம் படி: கல்லைத் தொடும் தூரத்துக்குப் போங்கள்

மாளிகையின் சுவர் மணற்கல்லால் ஆனது. அந்தக் கல் எடுத்த குழி, மாளிகை நிற்கும் குன்றின் சரிவிலேயே இருக்கிறது. தொலைவிலிருந்து வண்டியில் ஏற்றிவரும் செலவு மிச்சம். மண்ணின் நிறமும் வீட்டின் நிறமும் ஒன்றாகத் தெரிவதற்கு இதுவே காரணம். மழையும் காற்றும் அதிகம் அடிக்கும் பக்கத்தில் கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்திருப்பதையும், ஆங்காங்கே புதிய கல் பொருத்தப்பட்டிருப்பதையும் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் அது பிற்காலக் கல். விளிம்பு மழுங்கி, பரப்பில் குழிகள் தெரிந்தால் பழையது. நானூறு ஆண்டுக் கட்டடத்தில் இரண்டும் கலந்திருப்பதே இயல்பு.

வாசலை ஒட்டிய பகுதியில், இரு கோபுரங்களுக்கு நடுவே தூண் வரிசை கொண்ட ஒரு தாழ்வாரம் உண்டு. எதிர்ப்பக்கமான கிழக்கிலும் அதே போல ஒன்று இருக்கிறது. இத்தாலியக் கட்டடக்கலை நூல்கள் அச்சாகி இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ரோமானியத் தூண் முறைகளை நேரில் பார்த்திராத கல்தச்சர்கள் அச்சுப் படங்களைப் பார்த்தே அவற்றைச் செதுக்கினார்கள். கூரைக்கு மேல் உள்ள வளைவுப் பின்னலோ, நெதர்லாந்து, பெல்ஜியப் பகுதிகளிலிருந்து வந்த அச்சுப் படங்களைச் சார்ந்தது. இரண்டும் ஒரே முகப்பில் ஒட்டியிருப்பதுதான் எலிசபெத் காலத்துக் கட்டடத்தை அடையாளம் காண உதவும் குறி.

நான்காம் படி: உள்ளே நுழைந்ததும் நில்லுங்கள்

கதவைத் தாண்டியதும் மக்கள் முன்னேறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். நீங்கள் ஓரமாக ஒதுங்கி நின்று, இந்தக் கூடம் எந்தத் திசையில் நீள்கிறது என்பதைக் கவனியுங்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கேள்வியில்தான் ஆங்கில மாளிகைகளின் வரலாற்றில் நேர்ந்த ஒரு பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது.

இடைக்கால மாளிகைகளில் பெருங்கூடம் முகப்பை ஒட்டி, அதற்கு இணையாக நீண்டு கிடக்கும். வாசல் அதன் ஓர் ஓரத்தில் இருக்கும். உள்ளே வந்தவர் மரத்தடுப்புக்குப் பின்னால் உள்ள குறுகிய வழியில் நுழைந்து, பிறகு திரும்பிக் கூடத்துக்குள் போக வேண்டும். ஒரு பக்கம் அடுக்களை, மறுபக்கம் எசமானர் அமரும் மேடை. அங்கே வீட்டார் எல்லோரும் ஒன்றாக உண்டார்கள். இந்த அமைப்பு இருக்கும்வரை வாசல் முகப்பின் நடுவில் அமைய முடியாது. வாசல் நடுவில் அமையாதவரை முகப்பு முழுச் சமச்சீராக ஆகவும் முடியாது. ஹார்ட்விக்கில் கூடத்தைத் தொண்ணூறு பாகை திருப்பிவிட்டார்கள். அது முகப்பிலிருந்து பின்பக்கம் வரை, கட்டடத்தை நடுவே பிளந்துகொண்டு ஓடுகிறது. நடு வாசலில் நுழைந்தவர் நேரே கூடத்தின் அச்சில் நிற்கிறார். வெளியிலும் உள்ளேயும் ஒரே நடுக்கோடு.

கூடத்தின் இயல்பும் இதனால் மாறியது. எசமானர் இங்கே அமர்ந்து உண்ணவில்லை. அவர் மேல்தளத்துக்குப் போய்விட்டார். கூடம் வேலைக்காரர்கள் உண்ணவும் வந்தவர்கள் காத்திருக்கவும் உரிய இடமானது. நுழைந்த இடத்தில் தூண்கள் தாங்கும் கல் தடுப்பு ஒன்று இருக்கிறது. பழைய மரத்தடுப்பின் நினைவு அது. ஆனால் அதன் மேல்பகுதி முதல் தளத்தின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலமாகப் பயன்படுகிறது. கணப்புக்கு மேல் சுதையில் செய்த ஹார்ட்விக் குலச்சின்னத்தை இரண்டு கலைமான்கள் தாங்கி நிற்கின்றன. கீழ்த்தளத்தில் காத்திருக்கும் எவரும், இது யார் வீடு என்பதை மறந்துவிட முடியாது.

ஐந்தாம் படி: படிக்கட்டில் மெதுவாக ஏறுங்கள்

இந்த மாளிகையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், அலங்காரமே இல்லாத இந்தக் கல் படிக்கட்டைத்தான் சொல்வேன். கைப்பிடிச் சட்டமோ செதுக்கு வேலையோ கண்ணைப் பறிக்காது. அகலமான, தணிந்த கற்படிகள், கட்டடத்துக்குள்ளேயே திரும்பித் திரும்பி, நடுநடுவே அகன்ற தளங்களில் ஓய்ந்து, மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. நடுப்பகுதியில் படிகள் சற்றே தேய்ந்து குழிந்திருக்கும். ஒரு திருப்பத்தில் நிழல். அடுத்த திருப்பத்தில் உயர்ந்த ஜன்னலிலிருந்து கொட்டும் வெளிச்சம். முடிவு எங்கே என்று கீழிருந்து பார்க்க முடியாது.

விருந்தினரின் கண்ணோடு இதை ஏற வேண்டும். அவர் கீழ்க்கூடத்தில் நுழைந்து, குடும்பத்தார் வாழும் முதல் தளத்தைக் கடந்து, அங்கே நிற்காமல், இன்னும் மேலே அழைத்துச் செல்லப்படுகிறார். உணவும் இதே வழியாகத்தான் ஊர்வலமாகப் போனது. அடுக்களை தரைத்தளத்தில் இருந்தபடியால், மேசைக்கு வந்து சேரும்போது அது சூடு ஆறியிருக்கும் என்பதில் ஐயமில்லை. வசதிக்காக அமைத்த வழி அல்ல இது. ஏறும் நேரத்தையே மரியாதையின் ஓர் அங்கமாக ஆக்கியிருக்கிறார்கள்.

முதல் தளத்தில் நின்று சீமாட்டியின் சொந்த அறைகளையும் பார்த்துவிடுங்கள். மேல்தளத்தோடு ஒப்பிட்டால் இவை தணிந்தவை, கதகதப்பானவை. 1601-ஆம் ஆண்டுப் பட்டியலில் அவருடைய படுக்கையறையில் ஜன்னல்களுக்கும் கதவுக்கும் முன்னால் தொங்கவிடுவதற்கான போர்வைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஊரே வியந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்த குளிரை, அந்த முதிய வயதில் அவர் போர்வையால் அடைத்துக்கொண்டார்.

ஆறாம் படி: மேல்தளத்து வரவேற்புக் கூடத்தில் சுவரைக் கூறு கூறாகப் பாருங்கள்

படிக்கட்டு முடியும் இடத்தில் ஹை கிரேட் சேம்பர் எனப்படும் வரவேற்புக் கூடம் திறக்கிறது. அறையை மொத்தமாகப் பார்த்துத் திகைத்து நின்றுவிடாமல், சுவரைக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதியில் நெய்த சித்திரத் திரைகள். கிரேக்கக் காப்பிய வீரன் யுலிசஸின் கதை அவற்றில் விரிகிறது. இத்திரைகளைப் பெஸ் 1587-இலேயே, அதாவது இந்த மாளிகைக்கு அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே, வாங்கிவிட்டார். கையில் இருந்த திரைகளின் உயரத்துக்கு ஏற்பவே அறையின் சுவர் வகுக்கப்பட்டிருக்கிறது. அறையைக் கட்டிவிட்டு அலங்காரம் தேடும் நம் வழக்கத்துக்கு இது நேர்மாறானது.

மேற்பாதியில் நான்கு சுவரையும் சுற்றி வரும் சுதைச் சிற்பப் பட்டை. ஏப்ரகாம் ஸ்மித் என்னும் சுதைக் கலைஞரும் அவருடன் இருந்தவர்களும் செய்தது. காடு; காட்டுக்குள் மான்களும் காட்டுப்பன்றி வேட்டையும்; நடுவே தோழியர் சூழ அமர்ந்திருக்கும் வேட்டைத் தெய்வம் டயானா. ஒரு காலத்தில் இவை பளிச்சென்ற வண்ணங்களில் இருந்தன. இன்று வெளிறிப்போய், காலைப் பனிக்குள் காடு நிற்பதைப்போல் தெரிகின்றன. டயானா கன்னித் தெய்வம். கன்னி அரசி என்று போற்றப்பட்ட எலிசபெத்துக்குச் செய்யும் வணக்கம் இது என்பது அன்று வந்த எவருக்கும் புரிந்திருக்கும். இந்தத் தளம் முழுவதும் அரசி ஒருநாள் வருவார் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. அவர் வரவே இல்லை. பெஸ்ஸின் பேத்தி அராபெல்லா ஸ்டூவர்ட்டுக்கு அரியணையில் உரிமை கோரும் அளவுக்கு அரச இரத்த உறவு இருந்தது. அந்தப் பெண்ணைத் தம் பொறுப்பில் வளர்த்த பாட்டியின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை இந்த அறையின் உயரத்தைப் பார்க்கும்போது ஊகிக்க முடிகிறது. அராபெல்லாவும் அரசியாகவில்லை.

தரையில் விரித்திருப்பது கோரைப் பாய். அக்காலத்திலும் அதுவே வழக்கம். நெய்த கம்பளங்கள் விலைமதிப்புக் கருதி மேசைகளின் மேல் விரிக்கப்பட்டன.

ஏழாம் படி: நெடுங்கூடத்தில் கண் பழகும் வரை காத்திருங்கள்

அடுத்த கதவு, மாளிகையின் கிழக்குப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு நீளும் லாங் கேலரி என்னும் நெடுங்கூடத்துக்குத் திறக்கிறது. ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் உலவுவதற்கும், விருந்தினரோடு தனிமையில் பேசுவதற்கும், குடும்பத்தாரின் உருவப்படங்களை மாட்டிவைப்பதற்கும் இப்படிப்பட்ட கூடங்கள் அக்காலத்தில் கட்டப்பட்டன. ஒரு பக்கம் வரிசையாகப் பெரும் ஜன்னல்கள். அவை அங்கங்கே வெளியே தள்ளி அறைகள்போல் குடைந்திருப்பதால், இவ்வளவு நீளமும் சலிப்பூட்டாமல் துண்டு துண்டாகப் பிரிந்து தெரிகிறது. மறுபக்கம் இரண்டு பெரிய கணப்புகள். அவற்றுக்கு மேல் நீதி, கருணை என்னும் இரு உருவங்கள்.

உள்ளே போனதும் இருட்டாக இருக்கிறதே என்று ஏமாற்றம் அடையாதீர்கள். நெசவுச் சாயங்கள் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் ஜன்னல்களின் திரைகளை இறக்கியே வைத்திருக்கிறார்கள். ஒளிக்காகவே கட்டிய கூடத்தை ஒளியிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் கண் பழகிவிடும்; அதன் பிறகு படங்களுக்குப் பின்னால் சுவர் முழுவதும் உயிர்பெறுவதைக் காணலாம்.

அங்கே தொங்குபவை கிதியோன் என்னும் விவிலியத் தலைவனின் கதையைச் சொல்லும் 13 சித்திரத் திரைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம், மொத்த நீளம் 70 மீட்டருக்கும் மேல். இவை முதலில் சர் கிறிஸ்டோபர் ஹாட்டன் என்னும் அரசவைப் பிரமுகருக்காக நெய்யப்பட்டவை. அவர் கடனோடு இறந்தபின், 1592-இல் பெஸ் இவற்றை 326 பவுன் 15 ஷில்லிங் 9 பென்ஸ் கொடுத்து வாங்கினார். திரைகளில் இருக்கும் ஹாட்டனின் குலச்சின்னத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லி 5 பவுன் விலையைக் குறைத்துக்கொண்டார். மேல்விளிம்பைத் தொலைநோக்கியால் கவனியுங்கள். தம் சின்னம் தீட்டிய துணியை ஹாட்டனின் சின்னத்தின் மேல் ஒட்டுப்போட்டிருக்கிறார். ஹாட்டனுடைய பெண்மானுக்குக் கொம்பு வரைந்து தம் குலத்தின் கலைமானாக ஆக்கியிருக்கிறார். இத்திரைகள் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து, இற்றுப்போன இடங்களைத் தைத்துச் சீராக்கும் பணி 24 ஆண்டுகள் நடந்து, 2023-இல்தான் முடிந்தது.

எட்டாம் படி: கடைசியாகப் பழைய மாளிகை

களைத்துப்போய் இதை விட்டுவிடுகிறவர்கள் மிகப் பலர். தயவுசெய்து விடாதீர்கள். சில நூறு அடித் தொலைவில் கூரையிழந்து நிற்கும் பழைய மாளிகை, நீங்கள் அதுவரை பார்த்ததற்கெல்லாம் அளவுகோல். அதே சீமாட்டி, அதே கல், ஏறக்குறைய அதே ஆண்டுகள். ஆனால் இது முழு வரைபடம் ஒன்றில் பிறக்காமல், இருந்த வீட்டோடு பகுதி பகுதியாகச் சேர்ந்து வளர்ந்த கட்டடம். ஜன்னல்கள் ஒன்றோடொன்று வரிசைப்படுவதில்லை. இடமும் வலமும் ஒத்துப்போவதில்லை. பெரிய கூடங்களை மேல்தளத்தில் வைக்கும் எண்ணம் மட்டும் இங்கேயே வந்துவிட்டது.

18-ஆம் நூற்றாண்டில் இதை இடித்துப் பொருள்களை எடுக்கத் தொடங்கினார்கள். இடிபாடு என்பதாலேயே புதியவர்களுக்கு இது நல்ல பாடசாலை. தளங்கள் விழுந்துவிட்டதால், ஒரே சுவரில் மூன்று நான்கு கணப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டவெளியில் தொங்குவதைக் காணலாம். விட்டங்களைச் செருகிய குழிகளைக் காணலாம். புகை எந்த வழியாக மேலே போனது என்பதைக் காணலாம். புது மாளிகையில் பூச்சுக்கும் திரைக்கும் பின்னால் மறைந்திருப்பவை இங்கே திறந்து கிடக்கின்றன. மேல்தளக் கணப்பு ஒன்றுக்கு மேலே, கோக், மேகோக் என்று மக்கள் பெயரிட்ட இரண்டு பெரிய சுதை வீரர்கள் இன்னும் நிற்கிறார்கள்.

புது மாளிகை தப்பிப் பிழைத்ததற்கு அதன் உரிமையாளர்களுக்கு வேறு வீடு பிடித்துப்போனதே காரணம். பெஸ்ஸின் வழிவந்த டெவன்ஷயர் கோமகன்கள் இதே மாவட்டத்தில் உள்ள சாட்ஸ்வொர்த்தைத் தலைமை இல்லமாகக் கொண்டு, அதையே காலத்துக்கேற்ப இடித்து இடித்துக் கட்டினார்கள். ஹார்ட்விக் ஓய்வுக்கும் வேட்டைக்கும் வந்துபோகும் இடமாக நின்றுவிட்டது. தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் அக்குடும்பத்தாரின் ஆதரவில் இருந்து, 1679-இல் இங்கேதான் இறந்தார். இருபதாம் நூற்றாண்டில், பத்தாம் கோமகனின் மறைவுக்குப் பின் கட்ட வேண்டியிருந்த மரண வரிக்கு ஈடாக மாளிகை அரசிடம் போய், 1959-இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக இங்கே வாழ்ந்த எவலின் கோமாட்டி, பழைய திரைகளையும் துணிகளையும் தம் கையாலேயே தைத்துச் செப்பனிட்டவர்.

நேரம் இருந்தால், மறுநாள் சாட்ஸ்வொர்த்துக்கோ, அதே மாவட்டத்தில் 1759-இல் தொடங்கிய கெடல்ஸ்டன் ஹாலுக்கோ போய், இதே எட்டுப் படிகளையும் அதே வரிசையில் செய்து பாருங்கள். கெடல்ஸ்டனில் பெரிய ஜன்னல்கள் உச்சித்தளத்தில் இருக்கமாட்டா. வெளிப்படிக்கட்டு ஏறியதும் வரும் நடுத்தளத்தில் இருக்கும். வரவேற்புக் கூடங்கள் கீழே இறங்கிவிட்டன. பழைய மாளிகையின் மேல்தளத்துக்கு ஏற முடியும் நாளாக இருந்தால், கிளம்பும் முன் அங்கே போய்ச் சாயும் வெயிலில் புது மாளிகையைத் திரும்பிப் பாருங்கள். மேற்கு முகப்பின் கண்ணாடி அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அந்த வேளையில் இரண்டாம் தளம்தான் கடைசியாக அணையும்.